பனிச்சறுக்கு விடுமுறைக்கு எந்த மலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் ஊர்ப் பெயரைத்தான் தேடுகிறார்கள். பெயர் கடைசியில் வரட்டும். யார் யார் போகிறீர்கள், எந்த வாரம் போகிறீர்கள் என்ற இரண்டும் தெளிவானால் பாதி மலைகள் தாமாகவே கழன்றுவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் கீழே. சில பதில்கள் நீளம், சில நாலே வரி.

எந்த மலை என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

உங்கள் கூட்டத்தில் சறுக்கத் தெரியாதவர் யாரோ, அவரை வைத்து. ஆறு பேரில் நான்கு பேர் கைதேர்ந்தவர்கள், இருவர் ஸ்கீ எனும் சறுக்குப் பலகையை மாட்டும் பூட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்றால், அந்த இருவருக்கு ஏற்ற மலையைத்தான் தேட வேண்டும். தெரிந்தவர்கள் சாதுவான மலையிலும் ஒரு வாரத்தைச் சந்தோஷமாகக் கழித்துவிடுவார்கள். தெரியாதவர்களைச் செங்குத்தான மலைக்குக் கூட்டிப்போனால் இரண்டாம் நாளே ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதிலேயே மற்றவர்களின் விடுமுறையும் போய்விடும்.

அதற்கடுத்தது தேதி. பிறகு உயரம். நாடு, ஊர், தங்குமிடம் எல்லாம் அதற்கும் பிறகு.

உயரத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ். 1,000 மீட்டரில் இருக்கும் ஊரில் வெப்பநிலை 5 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் அது மைனஸ் 1.5. அதாவது அதே மேகம் ஊருக்குள் மழையாகவும் மேலே பனியாகவும் விழும். விளம்பரப் படங்களில் தெரிவதெல்லாம் மேலே எடுத்தவைதான்.

ஒரு முறை மார்ச் கடைசியில் தாழ்வான பள்ளத்தாக்கு ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். மேலே அருமையான பனி. மாலையில் ஊருக்கு இறங்கும் பாதையின் கடைசிப் பகுதியில் பனி ஒரு வெள்ளை நாடா அளவுக்குச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றுபோய் பழுப்பு நிறப் புல் வந்துவிட்டது. ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, வளையாத பூட்டோடு சேற்றில் இருபது நிமிடம் நடந்தோம். மறுநாளிலிருந்து எல்லோரும் கேபிள் காரிலேயே இறங்கினோம். அதற்கும் தினமும் நீண்ட வரிசை.

ஆகவே இரண்டு எண்களைப் பாருங்கள்: ஊரின் உயரம், கடைசி லிஃப்ட் (சறுக்குபவர்களை மலைமேல் கொண்டுபோகும் கம்பிவட வண்டி) போய்ச் சேரும் உயரம். ஆல்ப்ஸில் ஊர் 1,500 மீட்டருக்கு மேலும் உச்சி 2,500 மீட்டருக்கு மேலும் இருந்தால் ஓரளவு நிம்மதியாக முன்பதிவு செய்யலாம். பிரான்சின் வால் தோரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற கிட்ஸ்பியூல் 800 மீட்டருக்குள்தான். இரண்டும் நல்ல இடங்களே. ஆனால் ஏப்ரலில் போவதானால் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்சி மட்டும் உயரமாக இருந்து ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஒரே ஒரு லிஃப்ட் 2,800 மீட்டருக்குப் போகும்; மற்ற பாதைகளெல்லாம் 1,300க்கும் 1,800க்கும் இடையில் கிடக்கும். வரைபடத்தில் பெரும்பாலான பாதைகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதுதான் உண்மையான கணக்கு. அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதையும் கவனியுங்கள். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவு, பனி வாரக்கணக்கில் நிற்கும். தெற்கு நோக்கிய சரிவு பகலில் உருகி இரவில் கண்ணாடியாக உறையும்.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு ஜப்பான். ஹொக்கைடோவின் நிசெகோ மலை வெறும் 1,308 மீட்டர். ஆனால் சைபீரியாவிலிருந்து வரும் உறைகாற்று, உறையாத ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து அந்த மலையில் கொட்டுகிறது. அங்கே ஒரு பருவத்தில் ஏறக்குறைய 15 மீட்டர் பனி விழும். அட்சரேகையும் காற்றும் துணை நின்றால் உயரம் இல்லாமலும் நடக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் பாதியில் பனியாறு, அதாவது மலைமேல் வருடம் முழுக்க உருகாமல் கிடக்கும் பனிக்கட்டி, உள்ள இடங்களை மட்டும் நம்பலாம். ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற இடங்களில் கோடையிலும்கூடச் சறுக்குகிறார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தை முடிந்தால் தவிருங்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும், பனி பல வருடங்களில் இன்னும் போதுமான அளவு சேர்ந்திருக்காது. 2023 ஜனவரி முதல் வாரத்தில் சுவிட்சர்லாந்தின் அடல்போடனில் உலகக் கோப்பைப் பந்தயமே செயற்கைப் பனியாலான ஒரு வெள்ளைப் பட்டையில் நடந்தது. இரு பக்கமும் பச்சைப் புல்.

ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை கடுங்குளிர், குறுகிய பகல். ஆனால் பாதைகள் காலியாக இருக்கும், பனி உலர்ந்து மெத்தென்றிருக்கும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு இதுதான் பொன்னான நேரம். பிப்ரவரியில் ஐரோப்பா முழுக்கப் பள்ளி விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். பனி நன்றாக இருக்கும், லிஃப்டுக்காக வரிசையில் நிற்கும் நேரம்தான் உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு என் பரிந்துரை மார்ச் நடுப்பகுதி, உயரமான ஊர். வெயில் இருக்கும், விரல் விறைக்காது, விழுந்தாலும் பனி மென்மையாகத் தாங்கும். உயரமான இடங்களில் பனியின் ஆழம் பெரும்பாலும் அப்போதுதான் அதிகம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பாதைகள் கூழாகிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் விடுமுறை கிடைக்கும் என்றால் தென் அரைக்கோளத்துக்குப் போங்கள். சிலியில் போர்ட்டியோ, வாயே நெவாடோ, அர்ஜென்டினாவில் பரிலோச்சே, நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுனைச் சுற்றியுள்ள மலைகள்.

முதல் முறை போகிறோம். பெரிய ஸ்கீ ஏரியா வேண்டுமா?

வேண்டாம். முதல் மூன்று நாள் நீங்கள் பயன்படுத்தப்போவது இருநூறு மீட்டர் நீளச் சரிவு ஒன்றும், அதன் ஓரத்தில் உங்களை மேலே ஏற்றிச்செல்லும் ரப்பர்ப் பட்டை ஒன்றும்தான். மேஜிக் கார்பெட் என்று அதற்குப் பெயர். 600 கிலோமீட்டர் பாதைக்கான லிஃப்ட் பாஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டையில் நிற்பது வீண். பல இடங்களில் பயிற்சிச் சரிவு லிஃப்டுக்குத் தனிப் பாஸ் உண்டு, சில இடங்களில் இலவசம். அதை முதலில் விசாரியுங்கள்.

முதல் காலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கீ பூட் கெட்டியான பிளாஸ்டிக். கிளிப்புகளை இறுக்கியதும் கணுக்கால் அசையாது, முழங்கால் எப்போதும் சற்று முன்னால் மடிந்தே இருக்கும். சமதளத்தில் குதிகாலை முதலில் ஊன்றி, ரோபோ மாதிரி நடக்க வேண்டும். பிறகு ஸ்கீயின் முனைகளை நெருக்கி, பின்பகுதியை விரித்து, பீட்சாத் துண்டு வடிவில் வைத்தால் வேகம் குறையும் என்று சொல்லித் தருவார்கள். உண்மையில் குறையும். குறைகிறது என்று நம்புவதற்குத்தான் ஒரு நாள் ஆகும்.

அடுத்த கண்டம் பட்டன் லிஃப்ட். மேலே ஓடும் கம்பியிலிருந்து ஒரு தண்டு தொங்கும், அதன் நுனியில் வட்டத் தகடு. அதைக் கால்களுக்கிடையே மாட்டிக்கொண்டால் அது உங்களை இழுத்துப்போகும். அது இருக்கை இல்லை. ஆசனம் என்று நினைத்து உட்கார்ந்தால் தண்டு நீண்டுகொடுக்கும், அடுத்த நொடி நீங்கள் பனியில் உட்கார்ந்திருப்பீர்கள், பின்னால் வருபவர் உங்கள் மேல். அதனால்தான் புதியவர்களுக்கு மேஜிக் கார்பெட்டும் கோண்டோலாவும் (மூடிய பெட்டிக் கேபிள் கார்) அதிகமுள்ள இடமே நல்லது என்கிறேன்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, மேலேயிருந்து ஊருக்கு இறங்க எளிதான பாதை இருக்கிறதா என்பது. சில பிரபலமான ஊர்களில் மேலே விசாலமான, சமமான சரிவுகள். ஊருக்கு இறங்கும் பாதை மட்டும் செங்குத்து, மாலையில் பனிக்கட்டியும் கூட்டமும். புதியவர் அதில் மாட்டிக்கொண்டால் நான்கு நாளில் சேர்த்த தைரியமெல்லாம் ஒரே மாலையில் போய்விடும்.

பாதைகளின் நிறங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றா?

இல்லை. பிரான்சில் எளிதிலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று நான்கு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பெரும்பாலும் பச்சை கிடையாது, நீலமே எளிதானது. வட அமெரிக்காவில் சிவப்பே இல்லை: பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம், அதற்கும் மேல் இரட்டைக் கருப்பு வைரம். ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையின் சிவப்பாக இருக்கலாம். நிறம் அந்த மலைக்குள் ஒப்பிட மட்டுமே உதவும்.

ஆல்ப்ஸிலேயே பிரான்ஸ், ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து. எதை எடுப்பது?

பிரான்சில் உயரமும் அளவும். லே த்ருவா வாலே என்ற மூன்று பள்ளத்தாக்குகளில் மட்டும் 600 கிலோமீட்டர் பாதை இணைந்து கிடக்கிறது. 1960களில் சறுக்குவதற்கென்றே மேட்டில் புதிதாகக் கட்டிய ஊர்கள் பல. அவொரியாஸ், லா பிளான், லெஸ் ஆர்க் எல்லாம் அந்தக் காலத்தவை. வாசலிலேயே ஸ்கீயை மாட்டிக்கொள்ளலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வரம். அழகை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் அடுக்குமாடிக் கட்டடங்கள்தான் காட்சி.

ஆஸ்திரியாவில் தலைகீழ். ஊர் உண்மையான ஊர், மர வீடுகள், தேவாலயக் கோபுரம், லிஃப்டுகள் பளபளவென்று புதியவை. பல ஊர்கள் தாழ்வு. உயரமும் வேண்டும் ஊரும் வேண்டும் என்றால் ஓபர்குர்கல் போன்றவற்றைப் பாருங்கள். ஆர்ல்பெர்க் பகுதி தனி ரகம். 1901லேயே அங்கே ஸ்கீ கிளப் தொடங்கிவிட்டார்கள். அங்கிருக்கும் சாங்க்ட் அன்டோனை நான் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அங்கே நீலப் பாதையே வியர்க்க வைக்கும்.

இத்தாலியின் டோலமைட்ஸுக்குப் போவது பாதி சறுக்க, பாதி பார்க்க. மாலை வெயிலில் அந்தச் சுண்ணாம்புப் பாறைகள் இளஞ்சிவப்பாக மாறும் நேரத்தில் லிஃப்டில் இருந்தவர்கள் யாரும் அதை மறப்பதில்லை. 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலைகள் இவை. ஒரே பாஸில் 12 பகுதிகள், 1,200 கிலோமீட்டர். இயற்கைப் பனி சில வருடம் குறைவு, ஆனால் செயற்கைப் பனியில் அவர்கள் கெட்டிக்காரர்கள். செல்லா மலைத்தொகுதியை நான்கு கணவாய்கள் வழியாகச் சுற்றி வரும் செல்லா ரோண்டா, நடுத்தரத் திறமை உள்ளவர்களுக்கு ஒரு நாள் திருவிழா. வலச்சுற்றுக்கு ஆரஞ்சுப் பலகை, இடச்சுற்றுக்குப் பச்சை. ஒரே எச்சரிக்கை: காலையிலேயே கிளம்பி, பிற்பகல் மூன்றரைக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிடுங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் நீங்கள் இருப்பது வேறொரு பள்ளத்தாக்கு, உங்கள் அறை மலைக்கு அந்தப் பக்கம். டாக்ஸிக்காரர் வளைந்து வளைந்து ஓட்டுவார்.

சுவிட்சர்லாந்தில் உயரம், ரயில் வசதி, காட்சி மூன்றும் உண்டு, செலவு நான்காவது. செர்மாட்டில் பெட்ரோல் கார்களே கிடையாது, ரயிலில்தான் போக வேண்டும். அங்கிருந்து கேபிள் கார் 3,883 மீட்டர் வரை ஏறும், மறுபக்கம் சறுக்கினால் இத்தாலி.

ஆல்ப்ஸை விட்டு வேறெங்கே?

பிரெனீஸ் மலையில் அன்டோராவின் கிராண்ட்வாலிரா கற்றுக்கொள்ள நல்ல இடம். ஆனால் அந்த நாட்டில் விமான நிலையமும் இல்லை, ரயிலும் இல்லை. துலூஸிலிருந்தோ பார்சிலோனாவிலிருந்தோ சுமார் மூன்று மணி நேரம் சாலையில் போக வேண்டும். பல்கேரியாவின் பான்ஸ்கோ சிக்கனம். ஜார்ஜியாவின் குடவுரி உயரமான, மரமே இல்லாத திறந்த சரிவு; திபிலிசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்.

நார்வேயின் த்ரிசில், ஸ்வீடனின் ஓரே, பின்லாந்தின் லெவி ஆகியவை உயரம் குறைந்தவை என்றாலும் குளிர் நிலையானது, சரிவுகள் குழந்தைகளுக்கென்றே செய்தது போலிருக்கும். லெவி ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருப்பதால் டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. விளக்கு வெளிச்சத்தில்தான் சறுக்க வேண்டும். சிலருக்கு அதுவே கவர்ச்சி.

காஷ்மீரின் குல்மார்க் கோண்டோலா ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். மேலே இருப்பது உருளை ஓட்டிச் சமப்படுத்தாத காட்டுச் சரிவு, வழிகாட்டியும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டுமானது. கீழே புதியவர்களுக்கு மென்மையான புல்வெளிச் சரிவு இருக்கிறது. நடுத்தரத்தில் இருப்பவர்களுக்குத்தான் இடம் குறைவு.

வட அமெரிக்காவுக்குப் போவதென்றால் நீண்ட பயணம், நேர வித்தியாசம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைந்தது பத்து நாளாவது வையுங்கள். கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் பிரம்மாண்டமானது. பசிபிக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஊருக்குள் மழையும் மேலே பனியும் சாதாரணம். அமெரிக்காவின் உட்டா, கொலராடோ மாநிலங்களில் பனி உலர்ந்தது, இலேசானது.

உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

போகலாம். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போதுதான் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் தொடங்கும். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 2,900 மீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் வழியில் ஒரு இரவைத் தாழ்வான ஊரில் கழியுங்கள், முதல் நாள் மெதுவாக எடுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரையைவிடக் கீழே இறங்குவதே வைத்தியம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மரங்கள் உள்ள மலை, மரமில்லாத மலை. வித்தியாசம் உண்டா?

வெயில் நாளில் இல்லை. பனி கொட்டும் நாளிலோ மேகம் இறங்கிய நாளிலோ மரமில்லாத உயரத்தில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். நிற்கிறோமா நகர்கிறோமா என்றுகூடத் தெரியாது. நான் அப்படி ஒரு முறை நின்றுகொண்டே விழுந்திருக்கிறேன். பாதையோரம் கரும்பச்சை மரங்கள் இருந்தால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். அதனால் ஒரு வாரம் போகும்போது மேலே திறந்த சரிவும் கீழே மரங்களுக்கிடையே பாதைகளும் உள்ள மலையாகப் பார்த்து எடுத்தால் எந்த வானிலையிலும் ஒரு நாள் வீணாகாது.

விளம்பரத்தில் 300 கிலோமீட்டர் பாதை என்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். அளவிடுவதற்கு நெடுங்காலம் பொது விதி இல்லை. சிலர் பாதையின் நடுக்கோட்டை அளந்தார்கள், சிலர் சறுக்குபவர் இடமும் வலமும் வளைந்து போகும் தூரத்தைக் கணக்கிட்டார்கள். ஒரு வாரத்துக்கு 100 கிலோமீட்டர் நல்ல பாதை பெரும்பாலோருக்குத் தாராளம். லிஃப்டுகள் ஒன்றோடொன்று இணைகின்றனவா, இல்லை ஒரே பாஸ் என்ற பெயரில் பஸ் பிடித்து அடுத்த மலைக்குப் போக வேண்டுமா என்பதே அதைவிட முக்கியம்.

ஸ்னோபோர்டு காரர்களுக்குத் தனியாக ஏதாவது?

இரு கால்களையும் ஒரே பலகையில் பக்கவாட்டில் மாட்டிச் சறுக்குபவர்கள் நீங்கள். பட்டன் லிஃப்ட் அதிகமுள்ள மலையும், நீண்ட சமதளப் பாதைகள் உள்ள மலையும் உங்களுக்கு எரிச்சல். அமெரிக்காவில் ஆல்டா, டீர் வேலி, மேட் ரிவர் கிளென் மூன்றிலும் ஸ்னோபோர்டுக்கு அனுமதியே இல்லை.

பாதைக்கு வெளியே, புதுப் பனியில் சறுக்க ஆசை. எங்கே போகலாம்?

ஐரோப்பாவில் குறியிட்ட பாதையைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அங்கே பனிச்சரிவு ஆபத்தை யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். வட அமெரிக்காவில் எல்லைக்குள் திறந்துவிட்ட சரிவுகளை ரோந்துக் குழுவினர் வெடிவைத்துச் சரிபார்க்கிறார்கள். எனவே புதுப்பனியை முதலில் பழகுபவர்களுக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு கூடுதல்; ஆனால் ஆபத்து இல்லாமல் போய்விடவில்லை.

பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை அறிவிக்கப்படும். 3 என்றால் நடுவில்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெயரே 'கணிசமான' அபாயம். பெருமளவு உயிரிழப்புகள் இந்த நிலையில் நடந்தவை. புதைந்தவரைக் காப்பாற்ற முதல் கால் மணி நேரம்தான் கைவசம். அதற்குள் மீட்புக் குழு வந்து சேராது, கூடப்போனவர்தான் தோண்ட வேண்டும். ஆகவே ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும், அவற்றைப் பயன்படுத்திய பழக்கமும் வேண்டும். இவை இல்லையென்றால் உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்காதவர்களும் கூட வருகிறார்கள். அவர்களுக்கு?

சறுக்குவதற்கென்றே கட்டிய மேட்டு ஊர்களில் அவர்களுக்குப் பொழுது போகாது. பழைய ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதைகள், கேபிள் காரில் மேலே போய் இறங்கும் வசதி, ரயில் நிலையம் இருந்தால் போதும். பிரான்சின் ஷமோனியில் 3,842 மீட்டர் உயர எய்குயி து மிடி சிகரத்துக்குக் கேபிள் காரிலேயே ஏறி, ஆல்ப்ஸின் உச்சிச் சிகரமான மோன் பிளாங்கை எதிரே பார்க்கலாம். அதே ஷமோனி, ஒன்றோடொன்று இணையாத செங்குத்தான மலைகளைக் கொண்டது என்பதால், புதிதாகச் சறுக்குபவருக்கு அவ்வளவு ஏற்றதல்ல.

காப்பீடு கட்டாயமா?

இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சறுக்கக் கூடாது. மற்ற இடங்களில் சட்டம் கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ஹெலிகாப்டர் மீட்பும் பாதைக்கு வெளியே சறுக்குவதும் அடங்குமா என்று வரிவரியாகப் படியுங்கள்.

பணம் கட்டுமுன் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

அந்த ஊரின் சறுக்குப் பாதை வரைபடத்தை இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் எடுக்கப்போகும் அறைக்கும் பயிற்சிச் சரிவுக்கும் எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து பாருங்கள். "லிஃப்டிலிருந்து ஐந்து நிமிடம்" என்பது வெறுங்கையோடு ஷூ போட்டு நடப்பவரின் ஐந்து நிமிடம். பூட்டும் ஸ்கீயும் குழந்தையின் ஸ்கீயும் தோளில் இருந்தால் அது பதினைந்து. பிறகு ஊரின் நேரலைக் கேமராவைத் திறந்து, நீங்கள் போகும் அதே வாரத்தில் முந்தைய வருடங்களில் எடுத்த படங்கள் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பல ஊர்கள் அவற்றைச் சேமித்து வைத்திருக்கின்றன. மூன்று வருடப் படத்திலும் ஊருக்குள் பனி தெரிந்தால் பணத்தைக் கட்டிவிடலாம்.